பாத்திகள் போர்த்திக்கொண்ட நிழல்

சித்திரைப்பேரிக்கு மேற்கே, மூடிப்போன நூற்பாலையின் சுற்றுச்சுவரை ஒட்டி நாற்பத்தெட்டு வீடுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நான்கு பாத்திகள் இருந்தன, பாத்திகளில் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் கொத்தவரையும் நின்றன, செடிகளுக்கு நடுவில் மட்டும் ஒரு சருகும் கிடக்காது, ஏனென்றால் விடிவதற்கு முன்னால் வாசல் பெருக்குகிற பெண்கள் அதே கையோடு பாத்திகளையும் பெருக்கி, வாரிய சருகுக்கு மூலையில் தீக்குச்சி கிழித்து வைத்து, மண்ணில் ஈர்க்குமாற்றின் கோடுகள் வரிவரியாகத் தெரிகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்த பிறகுதான் காப்பி போட உள்ளே போவார்கள். அந்தக் குடியிருப்பில், அக்கினி நட்சத்திரத்தின் நான்காம் நாள் மதியம் பன்னிரண்டே காலுக்கு, மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் பதினேழாம் எண் வீட்டுக் கத்தரிப் பாத்தியைத் தாண்டிக் கால் வைத்தபோது, அவருடைய நிழலை மண் எடுத்துக்கொண்டது.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கொடியில் கிடக்கிற ஈரத்துணியை யாரோ கீழிருந்து மெல்ல இழுத்த மாதிரி இருந்தது என்று அவர் பிற்பாடு சொன்னார். அடுத்த வீட்டு வாசலில் நின்று கணக்கு எழுதும்போதுதான் தன் காலடியில் எதுவும் இல்லாததைக் கவனித்து, திரும்பி வந்து பார்த்தார். பாத்தியில் அவருடைய நிழல் கிடந்தது, தோளில் மாட்டிய பையோடு, மண் அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. கூப்பிட்டால் வருகிற பொருள் இல்லை என்பதால் அவர் மிச்ச வீடுகளுக்கும் மீட்டர் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் வாரத்தில் பதினோரு பேர், இரண்டாம் வாரத்தில் இருபத்தாறு பேர் என்று நிழல்கள் போயின. குடியிருப்பு அதற்குப் பழகிக்கொண்டது. அறிவிப்புப் பலகையில் தண்ணீர் விடும் நேரத்துக்குக் கீழே நிழல் போனவர்களின் வீட்டு எண்கள் எழுதப்பட்டன, பெண் பார்க்க வருகிறவர்கள் மதியம் வந்து பெண்ணை வாசலில் நிற்கச் சொன்னார்கள், பிள்ளைகள் நிழலை மிதித்து விளையாடும் ஆட்டத்தில் நிழல் இல்லாதவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை போட்டு, கடைசியில் அவர்களை நடுவராக நிறுத்தினார்கள். இருபத்திரண்டாம் எண் வீட்டுக்காரரின் நிழல் முப்பதாம் எண் வீட்டு ரோஜாப் பாத்தியில் கிடந்தது எப்படி என்று அவர் மனைவி மூன்று நாள் விடாமல் கேட்டார். நடுப்பகலில் மாடியிலிருந்து பார்த்தால் பாத்திகள் எல்லாம் ஆள்மேல் ஆளாக நிழல்களைப் போட்டுக்கொண்டு கறுப்பாகக் கிடந்தன.

பழக முடியாமல் போனது தாகம் ஒன்றுக்குத்தான். நிழல் போனவர்களுக்குக் குடை பிடித்தாலும் வெயில் அடித்தது, மரத்தடியில் உட்கார்ந்தாலும் அடித்தது. குடித்த தண்ணீர் பத்து நிமிடத்தில் வேர்த்து வெளியே வந்தது, வேர்வை முதுகில் இறங்குவதற்குள் காய்ந்து போனது. அவர்கள் கழுத்தில் கயிறு கட்டித் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள், அவர்களுக்காகத் தொட்டியில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது, உதடும் குதிகாலும் வெடித்தாலும் வேலைக்குப் போனார்கள், வந்தார்கள்.

முப்பத்தொன்றாம் எண் வீட்டில் சண்முகவடிவு இருந்தாள். ஐம்பத்தைந்து வயது. கணவர் போய் ஆறு வருடமாகிறது. ஒரே மகள் உலகம்மாள் வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல் குலுங்க, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. பதினோராம் நாள் மதியம் சண்முகவடிவு அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது வெளியே வளையல் சத்தம் கேட்டது. கரண்டியோடு ஓடிப்போய்ப் பார்த்தாள். மகள் வெண்டைப் பாத்திக்குள் நின்றிருந்தாள், வாயில் பாதிக் கடித்த வெண்டைக்காய், காலடியில் ஒன்றும் இல்லை.

“ஏட்டி, பன்னெண்டு மணிக்கு வெளிய போவாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேம்லா!”

“ஒரு பிஞ்சுதாம்மா. பச்சையாக் கடிக்கணும் போல இருந்துச்சு,” என்றாள் உலகு. பிறகு குனிந்து, பாத்தியில் கிடந்த தன் நிழலை, அதன் பெரிய வயிற்றை, முதல்தடவை பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். “எம்மா, நான் இவ்வளவு பெருசாவா இருக்கேன்?”

சண்முகவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களுக்குப் போவது தங்கள் உடம்புத் தண்ணீர் மட்டும். இவளுக்குள் இன்னொரு உயிர் தண்ணீரில் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா குழந்தையைச் சுற்றியிருக்கிற பனிக்குடத் தண்ணீர் எட்டு சென்டிமீட்டர் என்று சொன்னார், வியாழக்கிழமை காலை மறுபடி வரச் சொன்னார். “எட்டுன்னா பரவாயில்லம்மா. ஆனா ஏன் குறையுதுன்னு தெரியல. அஞ்சுக்குக் கீழ போச்சுன்னா நான் காத்திருக்க முடியாது, எடுத்துரணும். இப்ப முப்பத்திரண்டு வாரம். இப்ப எடுத்தா பிள்ளைக்கு நுரையீரல் தயாரா இருக்காது.”

அன்றைக்கு உலகு ஒன்பது செம்பு தண்ணீர் குடித்தாள். ஒருமுறைகூட ஒண்ணுக்குப் போகவில்லை.

குடியிருப்பின் தெருக்களைப் பெருக்குகிறவள் பெயர் பூரணம். முப்பத்துநான்கு வயது. வெயில் ஏறினால் கழுத்தில் கிடக்கிற கருகமணியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு வேலை செய்வாள். அவள் நிழலை இதுவரை எந்த மண்ணும் தொடவில்லை. நாள் முழுக்கத் தெருவில் நிற்கிறவளுக்கு மட்டும் எப்படி இது என்று எல்லாரும் யோசித்தார்கள், யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சண்முகவடிவு கேட்டாள்.

“மத்தியானம் நீ எங்கட்டி இருப்ப?”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னால உக்காந்து சோறு திம்பேன். வேற எங்க போவ? உங்க வீட்டுக்குள்ளயா கூப்பிட்டீய?” என்றாள் பூரணம்.

சண்முகவடிவு தலையைக் குனிந்துகொண்டாள். பூரணம், “வாங்கக்கா, காட்டுதேன்,” என்று கூட்டிக்கொண்டு போனாள்.

தொட்டிக்குப் பின்னால், பங்குனியில் உதிர்ந்த புங்கமும் வாதாமும் வேம்புமாக, எரித்து மாளாத சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஓரத்தில் யாரோ துப்பிய விதையிலிருந்து தக்காளிச் செடி ஒன்று தானாக முளைத்துக் காய்த்திருந்தது.

“அதுக்குள்ள கைய விடுங்க.”

சண்முகவடிவு மேல் சருகுக்குள் கையை நுழைத்தாள். ஒரு விரல்கடை கீழே வெதுவெதுப்பாக இருந்தது, நான்கு விரல் கீழே குளிர்ந்தது, அதற்கும் கீழே மண்ணை எட்டியபோது அது ஈரமாக, பிடித்தால் பிடிபடுகிற மாதிரி, புட்டுமாவு பதத்தில் இருந்தது. அந்த இடத்துக்கு யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. விரலில் ஒரு மண்புழு சுற்றிக்கொண்டு வந்தது.

“இந்த மண்ணுக்கு மேல துணி கெடக்கு. என் நிழலை எடுத்து இது என்ன செய்யப்போவுது?” என்றாள் பூரணம். “உங்க பாத்தியத்தான் நீங்க தெனம் உரிச்சுப் போடுதீயளே.”

அன்று சாயங்காலமே இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். பூரணம் தள்ளுவண்டியில் ஆறு நடை சருகு கொண்டுவந்தாள். முதலில் வெண்டைப் பாத்தி முழுவதும் மண் குடிக்கிற வரை தண்ணீர் விட்டார்கள், காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தபடியே இருக்கும் என்று பூரணம் சொன்னாள். பிறகு சருகை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினார்கள். அவசரத்தில் சண்முகவடிவு செடிகளின் தண்டுவரை சருகை அணைத்துக் கட்டினாள்.

“கழுத்தை நெரிக்காதீய. தண்டைச் சுத்தி உள்ளங்கை அகலம் விட்ருங்க, இல்லாட்டி அழுவிரும். தொட்டிக்குப் பின்னால நாலு தக்காளி இருந்துச்சு. மூணு அப்படித்தான் போச்சு.”

தெருவில் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். “என்ன வடிவு, வீட்டுல விளக்குமாறு ஒடிஞ்சு போச்சா? நான் ஒண்ணு தரட்டா?” என்று ஒருத்தி கேட்டாள். சண்முகவடிவு நிமிரவில்லை. அவளுக்கே அந்தப் பாத்தியைப் பார்க்கக் கூசியது. முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவள் வாசலில் சருகு கிடந்து பொழுது விடிந்ததில்லை.

புதன்கிழமை காலை முதல் மதியம் வரை அவள் ஏழு தடவை சருகைத் தூக்கிப் பார்த்தாள். நிழல் வெளியே வந்துவிட்டதா, மண் விட்டதா, இன்னும் பிடித்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் வெயில் உள்ளே பாய்ந்தது, மண் திடுக்கிட்டு நிழலை இன்னும் இறுக்கி இழுத்துக்கொண்டது. எட்டாம் தடவை தூக்கப்போனபோது பூரணம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இட்லி கொப்பறையை இப்படித்தான் நிமிசத்துக்கு ஒருக்கா தொறப்பீயளா?”

அதன்பிறகு சண்முகவடிவு தொடவில்லை. சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் உலகு வாசல்படியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துச் சுவரில் இரண்டு பாதங்களின் நிழல் விழுந்தது. பாதங்கள் மட்டும். உலகு காலை ஆட்டினாள், அவையும் ஆடின. வியாழக்கிழமை காலை அது முழங்கால்வரை வந்தது. ஆனால் டாக்டரம்மா அன்று சொன்ன எண் ஐந்தரை.

“நாளைக்குச் சாயங்காலம் வாங்க. துணிமணி எடுத்துட்டு வாங்க,” என்றார்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஞானசிகாமணி, ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். அவர் பொறுப்புக்கு வந்த பிறகு ஐந்து வருடம் தொடர்ந்து நகராட்சியின் சுத்தமான குடியிருப்புக் கேடயம் அங்கேயே இருந்தது. நல்லவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பவர். வியாழக்கிழமை மதியம் பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு முப்பத்தொன்றாம் எண் வாசலுக்கு வந்தார்.

“வடிவம்மா, இது பாத்தியா குப்பைத்தொட்டியா?”

“குப்பை இல்ல சார். போர்வை.”

“போர்வையா! மண்ணுக்குக் குளிருதோ?”

“சுடுது சார்.”

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. “கேளுங்க. சங்கத்துல முடிவு பண்ணியாச்சு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கொத்தனார் வாராரு. நாப்பத்தெட்டு வீட்டுப் பாத்திக்கும் சிமெண்டு போட்டு மூடிருவோம். மண்ணு வெளிய தெரிஞ்சாத்தானே புடிக்கும்? என் வீட்டுல ஞாயித்துக்கிழமையே போட்டாச்சு. அதுக்கப்புறம் ஒரு ஈயோட நிழலைக்கூட அது தொடல.”

உலகு கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். “சார், தண்ணி குடிக்கீயளா?” என்று செம்பை நீட்டினாள். அவர் அண்ணாந்து, மூச்சுவிடாமல், செம்பு காலியாகிற வரை குடித்தார். உதடுகள் வெடித்திருந்தன. குடைக்குக் கீழே, குடையின் நிழல் விழவேண்டிய இடத்தில், தரை வெள்ளையாக இருந்தது.

“உங்களுதும் போச்சா சார்?”

“அது முன்னமே போச்சும்மா. போனது போச்சு. இனிமே யாருக்கும் போவாம இருக்கணும்லா.”

“சிமெண்டுக்கு அடியிலயா கெடக்கு?”

ஞானசிகாமணி செம்பைத் திருப்பிக் கொடுத்தார். “பத்து மணி,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். போகிற வழியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மிச்சமிருந்த சருகையும் பார்த்துவிட்டு, அதை உடனே எரிக்கும்படி பூரணத்திடம் சொல்லி, எரிந்து முடிகிறவரை கிட்டவே நின்றார். சண்முகவடிவு புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பரவாயில்லை, என்று நினைத்தாள். என் பாத்தியில் நான்கு விரல் கனத்துக்கு இருக்கிறது. நாளைக் காலைக்குள் நிழல் இடுப்பைத் தாண்டிவிடும். கொத்தனார் வந்தால் காலில் விழுந்தாவது ஒரு நாள் தவணை வாங்கிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சண்முகவடிவு நான்கே முக்காலுக்கு எழுந்தாள், முப்பது வருடமாக எழுகிற நேரம், கண் பாதி திறந்திருக்க முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள், கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த ஈர்க்குமாற்றைக் கை எடுத்தது, அடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிச் சமன் செய்தது, வாசலைப் பெருக்கியது, மகளுக்கு என்ன எண் வருமோ, ஐந்தா நான்கரையா என்று அவள் நினைத்துக்கொண்டே இருக்க, கை தன்பாட்டுக்கு வாசலிலிருந்து கத்தரிக்கும், கத்தரியிலிருந்து மிளகாய்க்கும், மிளகாயிலிருந்து கொத்தவரைக்கும், கொத்தவரையிலிருந்து வெண்டைக்கும் போனது, தண்டுகளுக்கு இடையில் நுழைந்து, இழுத்து, வாரி, மூலையில் குவித்து, மாடத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் குச்சி கிழித்து வைத்தது. புகை மூக்கில் ஏறியபோதுதான் அவள் விழித்தாள். எதிரே வெண்டைப் பாத்தி, ஈர்க்குமாற்றுக் கோடுகள் வரிவரியாக, துடைத்த தட்டுமாதிரி இருந்தது.

வெறுங்கையால் நெருப்பை அடித்தாள். காய்ந்த புங்க இலை, காகிதம் மாதிரி. ஒரு கைப்பிடி மிஞ்சியது.

“எம்மா,” என்று உள்ளேயிருந்து உலகு கூப்பிட்டாள். “எம்மா, இங்க வா.”

சூரியன் ஆலைச் சுவருக்கு மேலே வந்துவிட்டது. ஜன்னல் வழியே வந்த வெயிலில் உலகு சுவரோரம் நின்றாள். சுவரில் அவள் நிழல் இடுப்புவரை இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இறங்கியது. தொடை, முழங்கால், கணுக்கால். ஏழு மணிக்குச் சுவர் வெறும் சுவராக இருந்தது.

சண்முகவடிவு தன் பழைய நூல்சேலைகளை எடுத்துக்கொண்டு ஓடிப் பாத்தியில் விரித்தாள். மேல்காற்று அவற்றைத் தூக்கி மின்கம்பியில் போட்டது. மரம் ஏறித் தழை ஒடிக்கலாம் என்றால் கம்பியில் படுகிறது என்று சித்திரையிலேயே எல்லா மரங்களையும் மொட்டையடித்திருந்தார்கள். எட்டு மணிக்கு வந்த பூரணம் பாத்தியைப் பார்த்தாள், சாம்பலைப் பார்த்தாள், சண்முகவடிவின் கைக் கொப்புளங்களைப் பார்த்தாள்.

“பாவி மனுஷி,” என்றாள். பிறகு உலகுவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “பிள்ளை அசையுதா?”

“விடியக்காலம் ஒருக்கா. அதுக்கப்புறம் இல்ல,” என்றாள் உலகு.

பத்து மணிக்கு வேன் வந்தது. மணல், சிமெண்டு மூட்டை, கலவை போடுகிற சட்டி, மேலே பன்னிரண்டு கட்டு வைக்கோல். கொத்தனார் சுடலைமுத்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். செயலாளர் குடையோடு வந்தார். தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

“முப்பத்தொண்ணுல இருந்தே ஆரம்பிங்க. அங்கதான் தகராறு வரும்,” என்றார் செயலாளர்.

சண்முகவடிவு பாத்திக்கு முன்னால் நின்றாள். “என் பிள்ளை அதுக்குள்ள கெடக்கு சார்.”

“அம்மா, நான் உங்களுக்கு விரோதியா? இந்தத் தெருவுல இன்னொரு கர்ப்பிணி வந்தா என்ன செய்வீய? தள்ளுங்கம்மா.”

சுடலைமுத்து மண்ணைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். ஆட்கள் வைக்கோல் கட்டுகளை இறக்கி ஓரமாக அடுக்கினார்கள். வாசல்படியில் உட்கார்ந்து, வறண்ட நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, உலகு அந்தக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி,” என்றாள். “சிமெண்டு போடதுக்கு வைக்கோல் எதுக்கு?”

“போட்டு முடிச்சதும் மேல பரத்தணும்லா தாயி. பரத்தி ஏழு நாள் தண்ணி விடணும். இந்த வெயில்ல வெறுமனே விட்டா ஈரம் ஓடிப்போயி, பாளம் பாளமா வெடிச்சிரும்.”

பூரணம்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தும் அடங்கவில்லை.

“சிமெண்டுக்குப் போர்வை உண்டாம்! மண்ணுக்கு மட்டும் போட்டா குப்பையாம்!”

செயலாளர் கொத்தனாரைப் பார்த்தார். “என் வீட்டுக்கு நீங்க வைக்கோல் போடலியே?”

“நான் சொன்னேனே சார். வாசல்ல வைக்கோல் கெடந்தா அசிங்கமா இருக்கும்னு நீங்கதான் வேண்டாம்னுட்டீய. இந்நேரம் வெடிச்சிருக்குமே?”

வெடித்துத்தான் இருந்தது. தெருக்கோடியில் அவர் வீட்டு வாசலில், இங்கிருந்து பார்த்தாலே தெரிகிற அளவுக்கு. கூட்டம் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தது. அதற்குள் சண்முகவடிவு ஒரு கட்டின் கயிற்றைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து தடுக்கவில்லை, செயலாளரின் முகத்தைப் பார்த்தார். ஞானசிகாமணி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கொத்தனார் அடுத்த கட்டை அவிழ்த்தார்.

“மொதல்ல தண்ணி,” என்றாள் பூரணம்.

தண்ணீர் விட்டார்கள். மேல் மண் மட்டும்தான் காய்ந்திருந்தது. இரண்டு விரல் கீழே, மூன்று நாள் மூடியிருந்த ஈரம் அப்படியே இருந்தது, புழுக்கள் ஆழத்துக்குப் போகாமல் அங்கேயே காத்திருந்தன. கொத்தனாரின் ஆட்கள் தளத்துக்குப் பரப்புகிற பழக்கத்தில், மேடு பள்ளம் இல்லாமல் வைக்கோலைப் பரப்பினார்கள், தண்டுகளைச் சுற்றி உள்ளங்கை அகலம் விட்டார்கள், காற்றுக்குப் பறக்காமல் மேலே தண்ணீர் தெளித்தார்கள். மணி பத்தே முக்கால்.

“இனி யாரும் தொடக்கூடாது,” என்றாள் பூரணம். சண்முகவடிவைப் பார்த்து, “குறிப்பா இந்தக் கை,” என்றாள்.

பூரணம் உள்ளே போய் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். கொப்புளம் பட்ட விரல்களால் சண்முகவடிவு உரிக்கத் தொடங்கினாள். விளக்குமாறு தருகிறேன் என்று கேலி செய்தவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். இன்னொருத்தி முருங்கைக்கீரையை எடுத்துவந்து ஆய்ந்தாள், ஒருத்தி உளுந்தைக் கொண்டுவந்து கல் பொறுக்கினாள், ஒன்றரை மணிக்குப் பதினான்கு பெண்கள் பாத்தியைச் சுற்றிக் கைநிறைய வேலையோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் கையும் வைக்கோல் பக்கம் போகவில்லை, ஒருவர் கண்ணும் அதைவிட்டு நகரவில்லை.

உலகு படியில் சாய்ந்து கிடந்தாள். வயிற்றில் கையை வைத்தபடி இருந்தாள். “இல்லம்மா,” என்பாள், கேட்காமலே. கொஞ்ச நேரம் கழித்து, “இன்னும் இல்ல.”

இரண்டு இருபதுக்கு அவள் குதிகாலுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. யாரும் சத்தம் போடவில்லை, போட்டால் மண் திடுக்கிடும் என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாக நினைத்தாள். இரண்டே முக்காலுக்குக் கணுக்கால், மூன்றுக்கு முழங்கால், மூன்று இருபதுக்கு இடுப்பு. இடுப்பில் நின்றது. மூன்றரைக்கும் அங்கேயே நின்றது. வயிறு வரவில்லை.

சண்முகவடிவின் கையிலிருந்து வெங்காயம் உருண்டது. வலது கை எழுந்து, தானாக, வைக்கோல் ஓரம்வரை போனது. ஒரு தாள் விலக்கினால் போதும், என்ன பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பூரணம் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் இந்தத் தடவை பிடிக்கவில்லை. கை அங்கேயே நின்றது, பிறகு சண்முகவடிவு அதைத் திருப்பிக் கொண்டுவந்து முறத்தில் வைத்து, இன்னொரு வெங்காயத்தை எடுக்க வைத்தாள்.

“தண்ணி குடிட்டி,” என்றாள் மகளிடம்.

உலகு ஒரு செம்பு குடித்தாள். எல்லாரும் அவள் நெற்றியைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நெற்றி காய்ந்திருந்தது, வேர்க்கவில்லை. தெருக்கோடியில், செயலாளர் வீட்டுப் பக்கம், கடப்பாரை சிமெண்டில் விழுகிற சத்தம் கேட்டது, ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படிக்கட்டில், வைக்கோலின் விளிம்பிலிருந்து, முதலில் வளைவாக, பிறகு முழுசாக, வயிற்றின் நிழல் வழிந்து வந்து உலகுவின் மடிக்குக் கீழே சேர்ந்தது. தோளும் தலையும் வளையல் போட்ட கைகளும் பின்னாலேயே வந்தன.

ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்தார்கள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சண்முகவடிவு வழியெல்லாம் மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை இன்னும் அசையவில்லை.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். நான்கு இடத்தில் அளந்து கூட்டினார், திருப்தி இல்லாமல் மறுபடி முதலிலிருந்து அளந்தார். சண்முகவடிவு சுவரோரம், கொப்புளக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஆறு,” என்றார் டாக்டரம்மா. “ஏறியிருக்கு. பிள்ளைக்குத் துடிப்பும் நல்லா இருக்கு. இன்னிக்கு வேண்டாம், வீட்டுக்குப் போயிட்டு ரெண்டு நாள் கழிச்சு வாங்க.” பசையைத் துடைத்துக்கொள்ளப் பஞ்சை நீட்டினார். “எந்திரிக்கலாம்மா. வெளிய ஆள் காத்திருக்காங்க.”

உலகு எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்திருந்தாள். வளையல்கள் ஒருமுறை கிணுங்கின, அவள் கையை அசைத்ததாகத் தெரியவில்லை.

“கொஞ்சம் பொறுங்க டாக்டர்,” என்றாள். “உள்ள நீந்திட்டிருக்கு.”